‘பெய்தால்’, ‘பெய்தால்தான்’: ஷர்த் என்ற சொல்லின் இரு முகங்கள்

சட்டப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் சிலருக்கு மஃரிபுக்குப் பிறகு என் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்தி வருகிறேன். பொது அறிவு, மொழி எல்லாம் எப்படியோ பாடமாக்கிக்கொள்வார்கள். நுண்ணறிவு வினாக்கள்தான் தலையிடி. அதிலும் ‘எனின்’, ‘ஆயின்’, ‘ஆயின் மாத்திரமே’ என்று வரும் நிபந்தனை வாக்கியங்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்குரிய எல்சாட் பரீட்சையின் பயிற்சிப் புத்தகமொன்றை, ஒரு மாணவியின் நானா எங்கிருந்தோ எடுத்து அனுப்பியிருந்தார். அதன் போட்டோ பிரதிதான் எங்களுக்குப் பயிற்சி நூல்.

ஒருநாள் பலகையில் இப்படி எழுதினேன்: ‘மழை பெய்தால் வீதி நனையும். மழை பெய்யவில்லை. எனவே?’ பெரும்பாலானோர் ‘வீதி நனையவில்லை’ என்ற விடையைத் தெரிந்தார்கள். அரபுக் கல்லூரியில் இறுதி ஆண்டு ஓதிக்கொண்டிருந்த ஒரு தம்பி மட்டும் கையைத் தூக்கினான்.

“முடிவு வராது சேர்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ஈஸாகூஜில இரிக்கி சேர். முகத்தம மறுத்தா நதீஜா வராது. தாலிய மறுத்தாத்தான் வரும்.”

‘தாலி’ என்றதும் பெண்பிள்ளைகள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ‘முகத்தம்’ என்றால் முன்வருவது, ‘தாலி’ என்றால் பின்வருவது என்று அவனே விளங்கப்படுத்தினான். நமது உயர்தர வகுப்பு அளவையியல் பாடத்தில் முன்னெடை, பின்னெடை என்று படிப்பதும் இதையேதான்.

அடுத்த கேள்வி இது: ‘கட்டணம் செலுத்துவது பரீட்சைக்குத் தோற்றுவதற்கான நிபந்தனையாகும். ஒரு மாணவி கட்டணம் செலுத்தியுள்ளாள். எனவே?’ இந்த முறை அந்தத் தம்பி தயங்காமல் ‘அவள் தோற்றலாம்’ என்றான். அது பிழை. முதலாவது கேள்வியில் தவறிய ஒரு பிள்ளைதான் மறித்தாள்: “எப்படி சேர்? அடையாள அட்டை இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டாங்களே!”

ஒருவன் மன்திக் ஓதியவன், மற்றவள் ஓதாதவள். ஆளுக்கொரு கேள்வியில் சரி, ஆளுக்கொரு கேள்வியில் பிழை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த இரவுதான். அவர்கள் தடுக்கிய இடம் புதிய இடமல்ல. நமது முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் கல்லை அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள்.

எல்சாட் பரீட்சை 1948இல் ஆரம்பமானது. ‘விளையாட்டுகள்’ என்று மாணவர்கள் அழைத்த புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் மாதத்தோடு அதிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் நிபந்தனை வாக்கியத்தை வைத்து நியாயம் காணும் வினாக்கள் போகவில்லை. வேறு வேறு உடுப்புடுத்தி எல்லாப் பகுதிகளிலும் வருகின்றன. பயிற்சிப் புத்தகங்கள் அதற்காகக் கற்பிக்கும் விதிகள் உண்மையில் நான்கே நான்கு. முன்னெடை உண்டென்றால் பின்னெடை உண்டு. பின்னெடை இல்லையென்றால் முன்னெடை இல்லை. முன்னெடை இல்லை என்பதிலிருந்து ஒன்றும் வராது. பின்னெடை உண்டு என்பதிலிருந்தும் ஒன்றும் வராது. முதல் இரண்டும் நம் பாடநூலில் ‘விதித்து விதித்தல்’, ‘மறுத்து மறுத்தல்’ என்று இருக்கும். மற்ற இரண்டும் போலிகள்.

இவற்றின் பழைமை கிரேக்கத்துக்குப் போகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் ஐந்து அடிப்படை நியாயங்களை வகுத்தார். அவற்றின் முதல் இரண்டும் மேலே சொன்ன முதல் இரண்டுதான். பகல் என்றால் வெளிச்சம் உண்டு என்பதுதான் அவர்களுடைய வழக்கமான உதாரணம். ‘என்றால்’ என்ற சொல் எப்போது உண்மை, எப்போது பொய் என்பதில் பைலோவும் டியோடோரஸும் போட்ட சண்டை எந்தளவுக்குப் பிரபலமென்றால், கூரையிலிருக்கும் காகங்கள்கூட அதைப் பற்றித்தான் கரைகின்றன என்று கலிமாக்கஸ் என்ற அலெக்சாந்திரியாப் புலவர் கேலி செய்தார்.

அரிஸ்டோட்டில் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. நிபந்தனை நியாயங்களைப் பற்றிப் பிறகு பேசுவேன் என்று ஓரிடத்தில் வாக்களித்தார். அப்படியொரு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்களில் முதன்மையானவர் இப்னு ஸீனா (980–1037). ‘அஷ்ஷிபா’வின் கியாஸ் பகுதியில் நிபந்தனை வாக்கியங்களுக்கென்றே நீண்ட அத்தியாயங்களை ஒதுக்கினார். அவர் செய்த பிரிப்பொன்று என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துகிறது. ‘என்றால்’ என்று சொல்லும்போது இரண்டு விடயங்களுக்கிடையே உண்மையான பிணைப்பு இருக்கலாம். அது லுஸூமிய்யா. இரண்டும் தற்செயலாக ஒன்றாய் உண்மையாக இருக்கலாம். அது இத்திபாகிய்யா.

13ஆம் நூற்றாண்டில் அதீருத்தீன் அல்-அப்ஹரீ எழுதிய சிறிய பாடநூல்தான் அந்தத் தம்பி சொன்ன ஈஸாகூஜி. பெயர்கூட கிரேக்கம்தான், போர்பிரி எழுதிய ‘ஐஸாகோகே’ அரபு நாவில் அப்படி உருண்டுவிட்டது. இப்னு ஸீனாவின் பிரிப்பை அது உதாரணங்களோடு மனதில் பதிய வைக்கிறது. சூரியன் உதித்தால் பகல் உண்டு என்பது பிணைப்பு. மனிதன் பேசுபவன் என்றால் கழுதை கத்தும் பிராணி என்பது தற்செயல். மனிதன் பேசுவதற்கும் கழுதை கத்துவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. இரண்டும் உண்மை, அவ்வளவுதான். இந்தக் கழுதை எத்தனை தலைமுறைத் தாலிபுல் இல்ம்களைச் சிரிக்க வைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெலிகமையில் 1884இல் மத்ரஸதுல் பாரி ஆரம்பிக்கப்பட்டதற்குப் பிறகு இந்த நாட்டில் முறையான அரபுக் கல்லூரிகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. கூடுதலாக ஓத விரும்பியவர்கள் வேலூர் பாகியாத்துக்குக் கப்பலேறினார்கள். தென்னாசியாவின் பழைய பாடத்திட்டங்களில் மன்திக் இல்லாமல் ஆலிம் பட்டமில்லை.

எல்லோரும் அதை விரும்பினார்கள் என்றும் சொல்ல முடியாது. இப்னுஸ் ஸலாஹும் இமாம் நவவியும் மன்திக்கைத் தடுத்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியாவின் அக்ளரீ தமது ‘ஸுல்லம்’ என்ற மன்திக் பாடலிலேயே இந்தக் கருத்து வேறுபாட்டைப் பதிந்து, திறமையுள்ளவர் படிக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தார். நமது மத்ரஸாக்களில் காலையில் நவவியின் மின்ஹாஜும் பின்னேரம் அவர் தடுத்த மன்திக்கும் ஒரே பாயில் ஓதப்பட்டிருக்கின்றன. நமது மரபின் விசாலம் அது.

தடுத்தவர்களுக்கு எதிர்த்திசையில் நின்றவர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). மன்திக் தெரியாதவரின் அறிவில் நம்பிக்கை வைக்க முடியாது என்ற கருத்தை, ‘அல்-முஸ்தஸ்பா’ என்ற உஸூலுல் பிக்ஹ் நூலின் முகவுரையிலேயே எழுதினார். அதற்கு முன்பு ‘அல்-கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ என்ற நூலில் நியாயத்தின் வடிவங்களைத் தராசுகள் என்று பெயரிட்டுக் குர்ஆனிலிருந்தே எடுத்துக் காட்டினார். நிபந்தனை வாக்கியத்துக்குரியது மீஸானுத் தலாஸும், அதாவது பிணைப்பின் தராசு. அல்லாஹ்வைத் தவிர வேறு தெய்வங்கள் இருந்திருந்தால் வானமும் பூமியும் சீர்குலைந்திருக்கும் என்ற கருத்துடைய அன்பியா அத்தியாய வசனம்தான் அவருடைய உதாரணம். சீர்குலைவு இல்லை; ஆகவே வேறு தெய்வங்களும் இல்லை. மறுத்து மறுத்தல்.

அவருடைய இன்னொரு உதாரணம் எனக்கு வகுப்பில் பெரிய கை கொடுத்தது. இந்தத் தொழுகை செல்லுபடியானது என்றால் தொழுதவர் சுத்தமாக இருக்கிறார். இதிலிருந்து என்னென்ன வரும்? தொழுகை செல்லும் என்று தெரிந்தால் அவருக்கு வுழூ உண்டென்று தெரியும். வுழூ இல்லை என்று தெரிந்தால் தொழுகை செல்லாதென்று தெரியும். ஆனால் வுழூ உண்டு என்பதை வைத்துத் தொழுகை செல்லும் என்று சொல்ல முடியாது. வேறு காரணத்தால் அது முறிந்திருக்கலாம். தொழுகை செல்லாது என்பதை வைத்து வுழூ இல்லை என்றும் சொல்ல முடியாது. மழையையும் வீதியையும் வைத்து அரை மணித்தியாலம் மாரடித்த பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது. எட்டு வயதிலிருந்து ஓதி வரும் விடயமல்லவா.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 1966இல் பீற்றர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் இலக்கம், இடையில் ஒரு ‘எனின்’ விதி. அந்த விதி மீறப்பட்டதா என்று பார்க்க எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? படித்தவர்களில் பெரும்பாலானோரே தவறினார்கள். அதே விதியை, குடிப்பதற்குரிய வயதெல்லை போல ஓர் அனுமதிச் சட்டமாக மாற்றிக் கொடுத்தபோது பெரும்பாலானோர் சரியாகச் செய்தார்கள். மனித மூளைக்கு வெறும் எழுத்தைவிடச் சட்டம் நன்றாகப் பிடிபடுகிறது. கஸ்ஸாலி வுழூவை உதாரணமாக எடுத்தது தற்செயலோ என்னவோ, பலன் ஒன்றுதான்.

சரி, ஈஸாகூஜி ஓதிய தம்பி இரண்டாவது கேள்வியில் ஏன் விழுந்தான்? காரணம் ‘நிபந்தனை’ என்ற சொல். அது அவன் காதில் ‘ஷர்த்’ என்று விழுந்தது. அரபு இலக்கணத்தில் ‘இன்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் முதல் பகுதி ஷர்த், அதற்குரிய பதில் ஜவாப். ஷர்த் வந்தால் ஜவாப் வரும். கட்டணம் ஷர்த், ஆகவே கட்டணம் வந்தால் பரீட்சை வரும் என்று அவன் மனம் ஓடிவிட்டது.

ஆனால் அதே பிள்ளை பிக்ஹ் பாடத்தில் ஷர்த்துக்கு வேறு வரைவிலக்கணம் ஓதியிருக்கிறான். எது இல்லாவிட்டால் காரியம் இல்லையோ, ஆனால் அது இருப்பதால் மட்டும் காரியம் உண்டு என்றோ இல்லை என்றோ ஆகாதோ, அது ஷர்த். வுழூ தொழுகைக்கு ஷர்த் என்பது இந்தக் கருத்தில். ஒரே சொல், இரண்டு எதிர்த்திசை. இலக்கணக்காரரின் ஷர்த் இருந்தாலே போதும். பிக்ஹ்காரரின் ஷர்த் இருந்தே ஆக வேண்டும், ஆனால் போதாது. எல்சாட் புத்தகம் பக்கம் பக்கமாக அம்புக்குறி போட்டுப் பிரித்துக் காட்ட முயல்வதும் இதைத்தான்: போதுமான நிபந்தனை ஒன்று, அவசியமான நிபந்தனை இன்னொன்று.

இந்தக் குழப்பத்தைப் பெயர் சொல்லிப் பிடித்தவர் எகிப்தில் வாழ்ந்த மாலிகீ அறிஞர் ஷிஹாபுத்தீன் அல்-கராபீ (மரணம் 1285). ஒன்றுபோல் தோன்றி வேறுபடுகின்ற விடயங்களைத் திரட்டிய ‘அல்-புரூக்’ என்ற நூலின் ஆரம்பப் பகுதியிலேயே இதை எடுத்துக்கொள்கிறார். ஷர்த் நான்கு வகை என்கிறார். அறிவு இருப்பதற்கு உயிர் வேண்டும். இது பகுத்தறிவின் ஷர்த். தொழுகைக்குச் சுத்தம் வேண்டும். இது ஷரீஅத்தின் ஷர்த். கூரைக்கு ஏற ஏணி வேண்டும். இது வழமையின் ஷர்த். நான்காவது மொழியின் ஷர்த். ‘நீ அந்த வீட்டுக்குள் போனால் உனக்குத் தலாக்’ என்று ஒருவன் சொல்கிறான். முதல் மூன்றும் ஒரு சாதி, நான்காவது வேறு சாதி என்கிறார் கராபீ. மொழியின் ஷர்த் உண்மையில் ஷர்த்தே அல்ல. அது ஸபப், காரணம். உயிர் இருப்பதால் அறிவு வந்துவிடாது, ஏணி இருப்பதால் யாரும் கூரையில் இருக்கமாட்டார்கள். ஆனால் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் தலாக் விழுந்துவிடும்.

அவள் போகவில்லை என்றால்? அந்த வார்த்தையால் தலாக் விழாது. ஆனால் வேறொரு காரணத்தால் விழலாம். கணவன் நேரடியாகவே சொல்லிவிடலாம். ஒரு காரணத்தின் இடத்தில் இன்னொரு காரணம் வந்து நிற்க முடியும். மழை இல்லாமலும் வீதி நனைவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. தண்ணி பவுசர் போனாலும் வீதி நனையும்தானே.

இத்தனை தெளிவு இருந்தும், மழை பெய்யாவிட்டால் வீதி நனையாது என்று ஏன் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது? அவர்கள் முட்டாள்கள் என்பதால் அல்ல. உம்மா ‘சாப்பிட்டு முடிச்சா விளையாடப் போகலாம்’ என்றால், சாப்பிடாவிட்டால் போக முடியாது என்றுதான் எந்தப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். 1971இல் கைஸ், ஸ்விக்கி என்ற இரு மொழியியலாளர்கள் இதைப் பற்றி எழுதி, நவீன மொழியியலில் இது பிரபலமானது. உஸூல் அறிஞர்களுக்கு இது மப்ஹூமுஷ் ஷர்த். அவர்கள் இதில் இரண்டு பட்டிருந்தார்கள்.

தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், விவாகரத்தான பெண்கள் கர்ப்பிணிகளாக இருந்தால் பிரசவிக்கும்வரை அவர்களுக்குச் செலவழிக்கச் சொல்கிறது. மீளமுடியாத தலாக் சொல்லப்பட்டவள் கர்ப்பிணி இல்லையென்றால்? நிபந்தனையைச் சும்மா யாரும் சொல்வதில்லை, ஆகவே இத்தாக் காலத்தில் அவளுக்குச் செலவு இல்லை, உறைவிடம் மட்டுமே என்றனர் ஷாபிஈகள். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் ஹதீஸும் அவர்களுக்கு ஆதாரம். ஹனபிகளோ, வசனம் கர்ப்பிணியைப் பற்றிப் பேசுகிறது, மற்றவளைப் பற்றி மௌனமாக இருக்கிறது, மௌனத்தை மறுப்பாக்க முடியாது என்றார்கள். வேறு ஆதாரங்களைக் கொண்டு அவளுக்கும் செலவு உண்டு என்றார்கள். நமது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், தரப்பினர் சார்ந்த பிரிவின் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது. நாமோ பெரும்பாலும் ஷாபிஈகள். ஆக, ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லை எப்படி வாசிப்பது என்ற கேள்வி காதி நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மூன்று மாதச் சாப்பாட்டைத் தொடுகிறது. நுண்ணறிவு வினாத்தாளில் 2 புள்ளிக்கு வரும் விடயமென்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை.

இங்கே கஸ்ஸாலி எடுத்த நிலை சுவையானது. அவர் ஷாபிஈ. ஆனாலும் முஸ்தஸ்பாவில் இந்த விடயத்துக்கு வரும்போது தம் மத்ஹபினரில் பலரை விட்டு விலகுகிறார். ஷர்த் இருக்கும்போது சட்டம் உண்டு என்பதை மட்டுமே வாக்கியம் காட்டுகிறது. ஷர்த் இல்லாதபோது சட்டம் இல்லை என்பதை அது காட்டவில்லை. உண்டு என்று காட்டாமல் இருப்பது வேறு, இல்லை என்று காட்டுவது வேறு. மன்திக் முகவுரையை எழுதிய அதே பேனை, நூலின் உள்ளேயும் அந்தத் தராசைக் கீழே வைக்கவில்லை. “பரீட்சை மண்டபத்துக்குள்ள எல்லாரும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஹனபியாகுங்க, வெளிய வந்து ஷாபிஈ ஆகலாம்” என்று பிள்ளைகளிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. மௌலவித் தம்பிக்கு அந்தப் பகிடி அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அரபு தெரியாத பிள்ளைக்கு என்ன வழி? தமிழே வழி. தொல்காப்பியர் ‘செயின்’ என்று ஒரு வினையெச்ச வாய்பாடு சொல்லியிருக்கிறார். நாம் இன்று அதைச் ‘செய்தால்’ என்கிறோம். அதோடு நம் வாயில் இரண்டு சின்ன ஒட்டுகள் இருக்கின்றன. ‘படிச்சாலே பாஸ்’ என்றால் படிப்பு மட்டும் போதும். இது இலக்கணக்காரரின் ஷர்த். ‘படிச்சாத்தான் பாஸ்’ என்றால் படிக்காமல் முடியாது, படித்தும் பெயிலாகலாம். இது வுழூவின் ஷர்த். அம்பு திரும்பிவிடுகிறது. ஒட்டே இல்லாத வெறும் ‘படிச்சா பாஸ்’ பேச்சில் இரண்டு பக்கமும் ஆடும், வினாத்தாளில் ஒரு பக்கம்தான் நிற்கும். மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாள்களில் ‘ஆயின் மாத்திரமே’ என்று விறைப்பாக வருவதை ‘ஆத்தான்’ என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கும்படி பழக்கினேன். அதன்பிறகு பிழைகள் குறைந்தன.

வகுப்பு முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகு, அடையாள அட்டையைப் பற்றிச் சொன்ன அந்தப் பிள்ளை கொப்பியை மூடாமல் நின்றாள்.

“சேர், வாப்பா சொல்றாரு, இந்த முற எடுபட்டா நீ படிக்கலாமெண்டு. அது எந்த ஷர்த்?”

“‘எடுபட்டாத்தான்’ எண்டா சொன்னாரு?” என்று கேட்டான் மௌலவித் தம்பி, செருப்பைத் தேடியபடி.

“இல்ல. சும்மா ‘எடுபட்டா’ எண்டுதான் சொன்ன.”

“அப்ப கஸ்ஸாலி இமாம் சொல்றபடி, எடுபடாட்டி என்ன எண்டு உங்கட வாப்பா ஒண்டுமே சொல்லல்ல.”

அவள் கொப்பியை மூடினாள். “வாப்பா கஸ்ஸாலி ஓதல்லயே” என்றாள்.